அக்காவின் சாப்பாட்டுப் பட்டியல்

காலை ஆறு மணி இருபத்து மூன்று நிமிடம். முதலில் நான் பார்த்தது அக்காவின் நாக்கை. தேவாலயத்தின் பக்கவாட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வரிசையின் முன்னால் போய் நின்ற அக்கா கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கைச் சற்று நீட்டினார். குருவானவர் அதன்மேல் மெல்லிய, வெள்ளை நிறமான, வட்ட அப்பம் ஒன்றை வைத்தார். அக்கா வாயை மூடி, சிலுவை வரைந்துகொண்டு திரும்பி நடந்தார். எல்லாம் ஐந்து வினாடி.

வார நாட்களில் நான் பூசைக்குப் போகிறவன் அல்ல. அன்றைக்கு நல்ல மழை. அக்காவுக்குக் கால் நடுக்கம் இருந்ததால் குடை பிடிக்கப் போயிருந்தேன்.

என் சட்டைப் பையில் ஒரு சிறிய கொப்பி இருந்தது. ஐந்து மாதங்களாக அக்கா வாயில் வைத்தவை எல்லாம் நேரத்தோடு அதில் எழுதப்பட்டிருந்தன. தேநீர், மாத்திரை, இருமலுக்குச் சப்பிய இனிப்பு வரை. அந்த வெள்ளை வட்டம் ஒரு நாள்கூட அதில் இல்லை.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. மணம் முடிக்கவில்லை. நான் ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்திவிட்டு ஓய்வுபெற்றவன். மனைவி இறந்த பிறகு, கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் உள்ள அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து அவர் மெலிந்துகொண்டே போவதைப் பார்த்தேன். இரும்புச்சத்துக் குளிசை இரண்டு வருடம் எடுத்தும் உடம்பில் இரத்தம் கூடவில்லை. சாப்பிட்டால் வயிறு ஊதும். ஒரு நாள் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு எலும்பு வெடித்தது. விழுந்த விழுகைக்கு அது உடைந்திருக்கவே கூடாது என்றார்கள்.

கடைசியில் ஒரு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, வாய்வழியாகக் குழாய் விட்டு, குடலின் துணுக்கொன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்றார். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய உடம்புக்கு ஆகாது. அதைச் சாப்பிடச் சாப்பிடக் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். சாப்பாட்டிலிருக்கும் சத்து உடம்பில் சேராது. இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை விடுவதுதான் வைத்தியம். வைத்தியர் சிங்களவர். தமிழ் மெதுவாக, சரியாகப் பேசினார்.

"டீச்சர், கொறைச்சு சாப்பிடுறது சரியில்ல. ஒரு துண்டும் சரியில்ல. சாகும் வரைக்கும்."

"அவ்வளவு நாள் இருப்பேனா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"கோதுமைய விட்டா இருப்பீங்க."

நாங்கள் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்களுக்குக் காலை என்றால் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். அறுபது வருடப் பழக்கத்தை அக்கா ஒரே நாளில் விட்டார். வீட்டிலிருந்த மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ரொட்டி சுட்ட கல்லையும் கொடுத்தார். நான் எனக்கென்று பாண் வாங்கி வந்தபோது, "நீ தின்னு, ஆனா வாசல்ல நின்னு தின்னு, துகள் உள்ள வரக்கூடாது" என்றார். இரண்டு நாள் வாசலில் நின்று தின்றேன். மூன்றாம் நாளிலிருந்து நானும் விட்டேன். வீதியால் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை.

கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதைத் தேடுவது என் வேலையானது. பொதிகளின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிப்பது எனக்குப் பழகிய தொழில். சோயா மீட்டில் இருந்தது. சோயா சோஸில் இருந்தது. பெருங்காயத்தை இறுகச் செய்வதற்குக்கூடக் கோதுமை மா சேர்த்திருந்தார்கள். கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பத்தில் அரிசி மாவோடு கோதுமை மாவும் கலப்பார்கள் என்பதை, பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் எந்த வெட்கமுமில்லாமல் சொன்னார். "அப்பதாங்க பிஞ்சு போகாம வரும்."

அதனால் அரிசியையும் குரக்கனையும் நாங்களே கழுவிக் காய வைத்து அரைக்கத் தொடங்கினோம். அங்கேயும் ஒரு சிக்கல். மடவளையில் மாவு மில் வைத்திருந்தவரிடம், இதே இயந்திரத்தில் கோதுமையும் அரைப்பீர்களா என்று கேட்டேன்.

"அரைக்கிறதுதான். ஏன் கேக்கிறீங்க?"

அக்காவின் நோயைச் சொன்னேன்.

"அப்ப திங்கக்கிழமை விடிய வாங்க. ஞாயித்துக்கிழமை நான் முழுசாக் கழட்டிக் கழுவுற. முதல் அரைப்பு உங்கட ராத்தாக்கு. அதுக்குப் பொறகுதான் மத்த ஆக்கள்." அக்காவை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல, ராத்தா என்றுதான் சொல்வார்.

காலைப் பூசை முடிந்து அக்கா நகர் நடுவிலுள்ள வாவியை ஒரு முறை சுற்றி நடக்கத் தொடங்கினார். எலும்புக்கு நடை நல்லது என்று வைத்தியர் சொன்னதால். நான் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்துகொள்வேன். பகலில் சோறு, கீரை, பருப்பு. மாலையில் அவித்த கடலை அல்லது மரவள்ளி. கிறிஸ்மஸுக்கு ரவை போட்ட கேக்கை வீடுவீடாகக் கொண்டுவந்து தந்தார்கள். எல்லாவற்றையும் அக்கா நன்றி சொல்லி வாங்கி, எனக்கும் தராமல், தெருக்கோடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் மாத இரத்தப் பரிசோதனையில், நோயின் அளவைக் காட்டும் எண் குறையவில்லை. ஐந்தாம் மாதமும் பெரிதாகக் குறையவில்லை. கடையில் ஏதோ கலப்படம் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அக்கா எனக்குத் தெரியாமல் எங்கேயோ ரொட்டி தின்கிறார் என்று சந்தேகப்பட்டேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பார்த்தேன். செபமாலை, கைக்குட்டை, பஸ் டிக்கட்டுகள், ஒரு இருமல் இனிப்பு. அந்த இனிப்பின் உறையைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதில் எதுவும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மழை நாள். திரும்பி வரும்போது குடைக்குள் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, நன்மைய எதுல செய்றாங்க?"

பூசையில் வாங்கும் அந்த அப்பத்தை, நற்கருணையை, எங்கள் வீட்டுப் பேச்சில் நன்மை என்றுதான் சொல்வோம். அக்கா நின்றுவிட்டார்.

"அது சாப்பாடு இல்ல தம்பி."

"எதுல செய்றாங்க?"

"மடத்து சிஸ்டர்மார் சுடுறாங்க. கோதுமை மாவும் தண்ணியும்." நடக்கத் தொடங்கி, மறுபடியும் நின்றார். "பூசையில அது மாவா இருக்கிறதில்ல, ஆண்டவரோட ஒடம்பு. ஒனக்குச் சின்ன வயசுலேயே சொல்லித் தந்தது."

"ஒவ்வொரு நாளும் வாங்குறீங்க."

"நாப்பது வருஷமா வாங்குறேன். பிரஸ் கன்ஃபரன்ஸ் வச்ச மாதிரிக் கேள்வி கேக்காத. பேப்பர்காரப் புத்தி." வீடு வந்து, குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அத அந்தக் கொப்பியில எழுதாத. அது சாப்பாட்டுக் கொப்பி."

எழுதவில்லை. மூன்று வாரம் அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை. அக்கா தினமும் பூசைக்குப் போனார், தினமும் நன்மை வாங்கினார். அது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அம்மா இறந்த காலையிலும், நான் என் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும், அவர் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டு வந்துதான் அடுப்பை மூட்டினார். விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

வைத்தியரைப் பார்க்கும் நாள் வந்தது. கொப்பியை வாங்கி அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒரு பிழையும் இல்லை என்றார். அதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். இவ்வளவு சுத்தமாகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால், இது சாப்பாட்டுக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கலாம். மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கடும் மருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த மருந்து எலும்பை இன்னும் தேய்க்கும்.

அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"டாக்டர்," என்றார் அக்கா. "கொப்பியில ஒண்ணு விட்டுப் போயிருச்சு."

பேனா நின்றது.

"கோயில்ல குடுக்கிறது. கோதுமை. தினம் ஒண்ணு."

"எவ்வளவு பெரிசு?"

அக்கா பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினார். "ரெண்டு ரூவா குத்திக் காசு அளவு. காத்து மாதிரி மெல்லிசு."

வைத்தியர் அந்த விரல்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், அது என்னண்டு நான் சொல்ல முடியாது. அது உங்கட ஃபாதர் சொல்லணும். அதுல என்ன இருக்கு எண்டு மட்டும்தான் நான் சொல்லலாம். தினமும் எண்டா, அது போதும்." எழுதிய தாளைக் கிழித்தார். "மூணு மாசம் அத விட்டுப் பாப்போம். குழாய் பொறகு பாப்போம்."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். இறங்கும்போது, "நீயே சொல்லியிருக்கலாம் அவர்கிட்ட" என்றார்.

"நீங்க எழுத வேணாம்னீங்க."

"ம்ம்."

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் பிறகு எங்கள் பங்குத்தந்தையிடம் வைத்தியர் எழுதித் தந்த துண்டுச் சீட்டோடு போனோம். அவர் இளையவர். "ஏன் டீச்சர் முதல்லேயே சொல்லல?" என்றுதான் தொடங்கினார். அரிசியில் செய்த அப்பம் திருச்சபையில் செல்லாது. ஆனால் கிண்ணத்திலுள்ள திராட்சை இரசத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான், ஒன்றும் குறையாது என்றார். அதிலும் ஒரு கவனம் வேண்டும். பூசையில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கைக் கிண்ணத்துக்குள் போடுவார். அதனால் பெரிய கிண்ணம் அக்காவுக்கு ஆகாது. துணுக்குப் போடாத வேறொரு கிண்ணம் வேண்டும்.

"என்கிட்ட ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு. குருப்பட்டத்துக்கு எங்க அம்மா குடுத்தது. அலுமாரியிலதான் கிடக்குது."

"எனக்காக வேணாங்க ஃபாதர்."

"வேற யாருக்காக நான் அத எடுக்கப் போறேன்?"

அக்காவுக்கு அதிலும் கூச்சம். எல்லாரும் அப்பம் வாங்கித் திரும்பிய பிறகு, தனியாகப் போய்க் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க வேண்டும். முதல் ஞாயிறு கோயிலில் எல்லாக் கழுத்தும் திரும்பின. வெளியே வந்ததும், பாடகர் குழுவில் பாடும் பெண்மணி ஒருவர் ஓடி வந்தார்.

"டீச்சர், ஒங்களுக்கு மட்டும் வைனா? எனக்கும் அந்த டாக்டர்கிட்ட ஒரு துண்டு வாங்கித் தாங்களேன்."

"வாங்கித் தாறேன். அதுக்கு முதல்ல ஆறு மாசம் ரொட்டி, பாண், ரோல்ஸ், கேக் எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க."

"ஐயோ, கேக்குமா?"

"கேக்கும்தான்."

"அப்ப வைன நீங்களே குடிங்க," என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குழாய் தேவைப்படவில்லை. வைத்தியர் தாளை அக்காவிடம் கொடுத்து, அவரையே படிக்கச் சொன்னார்.

வார நாட்களில் பூசை வைப்பது ஒவ்வொரு நாளும் வெவ்வேறு குருவானவர். அவர்களிடமும் கேட்கலாமே என்று சொன்னேன். "ஒவ்வொருத்தர்கிட்டயும் துண்டக் காட்டிக்கிட்டு நிக்க ஏலாது தம்பி. காலையில அவங்களுக்கும் அவசரம்" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிண்ணத்தில் வாங்குகிறார். மற்ற ஆறு நாட்களும் விடிய ஆறு மணிப் பூசைக்குப் போகிறார். மற்றவர்கள் எழுந்து வரிசைக்குப் போகும்போது வாங்கிலேயே முழந்தாளில் இருக்கிறார்.