தாத்தாவுக்கு முன்பல் இல்லை

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. நடந்து ஒரு வாரம் ஆகிறது. பாத்திரம் தேய்க்கும்போது நினைவு வந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் என் அக்கா புருஷனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பழைய டேப்பைக் கேட்டு இவ்வளவு ஆடிப்போக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

அத்தானுக்குத் தொழில் பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் சாந்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டு முன்னறைதான் பட்டறை. உள்ளே நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க ஊரார் வாய்கள். எதிர்ச்சுவர் முழுக்க உலகத்தார் பாட்டுகள். கேசட்டு, இசைத்தட்டு, வட்டம் வட்டமாகச் சுற்றிய ஸ்பூல் டேப்பு. மலையில் ஆடு மேய்க்கிறவன் ஆட்டைக் கூப்பிடுகிற பாட்டு இருக்கும். பாலைவனத்தில் ஒட்டகத்தை நடக்க வைக்கிற பாட்டு இருக்கும். நாம் கேட்கிற மாதிரி ஒன்றாவது இருக்குமா என்றால் இருக்காது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், ஆசையாக ஒரு பாட்டுப் போடுங்கள் அத்தான் என்று கேட்டுவிட்டேன். யாரோ பத்துப் பேர் மூங்கிலைத் தரையில் குத்திக் குத்தி ஊளையிடுவதைப் போட்டார். தலைவலி வந்ததுதான் மிச்சம்.

பழைய சாமான் கடை, மூடப்போகிற வானொலி நிலையம், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் வீடு என்று எங்கே மூக்கை நுழைத்தாலும் ஒரு பெட்டியோடுதான் வெளியே வருவார். இவரைப் போலவே வேறு வேலை இல்லாதவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் சிரிப்பார். கோபமே வராத மனுஷன். எனக்கு அதுதான் கோபம்.

அவருக்கு ஒரு விசேஷ வழக்கம் உண்டு. பாட்டைக் கேட்டே பாடுகிறவரின் வாயைச் சொல்லிவிடுவார். இவளுக்கு மேல்வரிசை தூக்கல், இவனுக்குக் கடைவாய்ப் பல் போய்விட்டது, இவர் செட் போட்டிருக்கிறார், அதுவும் சரியாகப் பொருந்தாத செட். சரிபார்க்க வழியே இல்லை என்பதால் நாங்களும் ஒப்புக்கொள்வோம்.

அவர்களுக்கு ஒரே பெண். குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயதில் காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். விழுந்த முன்பல் முளைக்கக்கூட இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அதன்பின் அக்காவால் குழந்தைக் குரலைத் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து வீட்டை மாற்றினார்கள். டிவி விளம்பரத்தில் குழந்தை பேசினால் எழுந்து அணைப்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பேத்தி வந்து, பந்து உள்ளே விழுந்துவிட்டது என்று சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தான் தன் சேகரிப்பில் இருந்த தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, குழந்தைகள் பாடியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து ஒரு பெட்டியில் கட்டிப் பரணில் போட்டார். அக்கா பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். வருஷக்கணக்கில் பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. உயிரோடு இருக்கிறாள் என்று பெயர்.

அப்போதுதான் தாத்தா வந்தார்.

ஏதோ ஒரு பெட்டியின் அடியில் கிடந்த ஸ்பூல். மேலே பெயர் இல்லை, ஊர் இல்லை. அத்தான் அதைப் போட்டதும், தூரத்தில் ஒரு மாடு நீளமாகக் கத்தியது. பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு முதியவரின் குரல். எந்த மொழி என்றே தெரியவில்லை. ஒரு அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்து வைப்பது மாதிரி அடிவயிற்றிலிருந்து பாடினார். கடைசியில் கரகரவென்று ஒரு இருமல், அதோடு டேப்பு முடிந்தது. அத்தான் நிமிர்ந்தால் வாசற்படியில் அக்கா நிற்கிறாள்.

"யாருங்க இது?" என்று கேட்டாளாம். அத்தான் இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பட்டறை தாத்தாவோடுதான் தொடங்கும். அக்கா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மெழுகை உருக்கிக் கொடுப்பாள். தாத்தாவுக்கு நெஞ்சில் சளி, பாவம், என்பாள். வெளிநாட்டு நண்பர்களுக்கு நகல் போயிற்று. மலைக்கோயில் பூசாரி என்றார் ஒருவர். கடலுக்குப் போகும் முன் மீனவர் தலைவர் பாடுவது என்று இன்னொருவர் பக்கம் பக்கமாக எழுதினார். அத்தான் மட்டும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எந்த ஊரோ தெரியாது. ஆனா தாத்தாவுக்கு முன்பல் இல்ல. மேல ரெண்டும் இல்ல. காத்து அங்கதான் போகுது."

அந்தக் கிழவர் என் அக்காவைத் திருப்பிக் கொடுத்தார். அதனால் அவரைக் கிண்டல் செய்ய எனக்கே வாய் வந்ததில்லை.

போன வாரம் டேப் ரிக்கார்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. ரிப்பேர்காரர் வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவர் நல்ல வேலைக்காரர். பெல்ட் மாற்றியதோடு விடாமல், தூசு தட்டி, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தார். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் வழக்கம்போலத் தாத்தாவைப் போட்டார்.

மாடு கத்தவில்லை. சேவல் கூவியது.

என்ன இது என்று நாங்கள் விழிப்பதற்குள் ஒரு சின்னப் பெண் பாட ஆரம்பித்தாள். அதே பாட்டு. அதே ஏற்றம், அதே இறக்கம். ஆனால் துள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, ஆறேழு வயதுக் குரலில்.

அத்தான் பாய்ந்து நிறுத்தினார். அந்த வேகத்தில் மேஜையில் இருந்த அச்சு ஒன்று கீழே விழுந்து நொறுங்கியது. அக்கா எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ரிப்பேர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் சரியாகத்தான் ஓடுகிறது என்றார். டேப்புக்கு இரண்டு வேகம் உண்டாம். வேகத்தை மாற்றும் குமிழ் துருப்பிடித்து மெதுவிலேயே இறுகிப்போயிருந்ததாம். இவர் இளக்கி விட்டிருக்கிறார். மெதுவில் வைத்தால் தாத்தா. வேகத்தில் வைத்தால் குழந்தை. எது நிஜம் என்று நான் சண்டைக்குப் போகிற மாதிரிக் கேட்டேன். சேவல் எந்த ஊரிலும் சேவல் மாதிரிதானே கூவும் என்றார் அவர். அந்தக் கூவல்தான் மெதுவில் மாடாகக் கத்தியிருக்கிறது.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேகம் தப்பி ஓடுகிற டேப்பை ஒரு நொடியில் கண்டுபிடிக்கிறவர் அவர். ஆனால் அதற்குக் காதுக்குத் தெரிந்த வாத்தியம் ஒன்றாவது வேண்டும். இதில் தெரியாத மொழி, வெறும் குரல், ஒரு மாடு. அந்த மாட்டை நாங்கள் யாருமே சந்தேகப்படவில்லை. தன்னைத்தானே அடித்துக்கொள்கிறவர் மாதிரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அவள் முன்னால் உட்கார வைத்திருக்கிறேனே என்றார். பிறகு ரிப்பேர்காரரிடம், குமிழை மெதுவிலேயே வைத்து ஆணி அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். தாத்தாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால், இந்தத் தடவை எழுப்ப எந்தத் தாத்தா வருவார்?

ரிப்பேர்காரர் தயங்கித் தயங்கி, ஆணிக்குப் பதில் ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்தார். அப்போது தாழ்ப்பாள் திறந்தது.

அக்கா முகம் கழுவியிருந்தாள். நேராக வந்து அத்தான் முன்னால் நின்றாள்.

"முன்பல் இல்லன்னு சொன்னீங்களே. எந்தப் பல்லு?"

அத்தான் அவளைப் பார்க்காமலே சொன்னார். "மேல. நடுவுல ரெண்டு."

"விழுந்தே போனதா, விழுந்து முளைக்கப் போறதா?"

"முளைக்கப் போறது," என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். குட்டி போனபோதுகூட எங்கள் முன்னால் அவர் அழவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து போடுங்க," என்றாள். "பாதியில நிறுத்தாதீங்க. அவ பாடி முடிக்கட்டும்."

அத்தானுக்குக் கை வரவில்லை. ரிப்பேர்காரர்தான் போட்டார். சேவல் கூவியது. அந்தப் பெண் பாடினாள். அக்கா மடியில் கிடந்த முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் பாட்டைக் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிற இடத்தில் தாத்தாவின் இருமல் வர வேண்டும். அது இருமல் இல்லை. பாடி முடித்த சந்தோஷத்தில் அந்தக் குழந்தை கிக்கிக் கிக்கியென்று சிரித்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் வந்தது அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறாள்.

"சளின்னு நெனச்சேனே," என்றாள்.

டேப்பு ஓடி முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் கேட்டாள்: "பரண்ல ஒரு பெட்டி கட்டி வச்சிருக்கீங்களே. அதுல எத்தனை பிள்ளைங்க இருக்கு?"

அந்தப் பெட்டி அவளுக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் எழுந்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை வாங்கிப் பரணுக்குக் கீழே போட்டு ஏறினார். நாற்காலி ஆடியது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.