லீவரை அழுத்த ஓர் ஆள்

பித்தளை வால்வை உதட்டில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சி, நாக்கு நுனியை அதில் ஒட்டிப் பார்க்கிறார். வால்வு நாக்கைக் கவ்விக்கொள்கிறது. அந்த நிலையிலேயே என்னிடம் ஏதோ சொல்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. பிடுங்கி எடுத்து, எச்சிலோடு பெட்ரோலையும் துப்பிவிட்டு மறுபடி சொல்கிறார்: "புடிச்சுக்கிச்சு. வால்வு நல்லா இருக்கு, மாடி சார்."

மாடி சார் நான்தான். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். அவருக்குத் தெருவில் பம்புக்காரர் என்று பெயர். தண்ணீர் பம்பு என்று நினைத்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. உண்மையில் அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். கழற்றிப் பூட்டுவதெல்லாம், தம்மைவிட நாலே வயது இளையதான தம் காரின் பெட்ரோல் பம்பை மட்டும்தான். எஞ்சின் சுற்றும்போது பம்பின் லீவர் ஆடும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்கி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். உள்ளங்கை அளவுச் சாமான். எலெக்ட்ரிக் பம்பு போட்டுத் தொலையுங்கள் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. "நெஞ்சு நல்லாத் துடிக்கிற மனுஷனுக்கு பேட்டரி வெக்கச் சொல்றான்" என்று என்னிடம் வந்து புலம்புவார்.

அளந்தே பழகிய ஆள். எதைக் கழற்றினாலும் முதலில் இரண்டு பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவார். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். பழக்கம் முற்றிப்போய் இப்போது சர்க்கரை டப்பா மூடியிலும் கோடு. சாப்பாட்டு மேசை முழுவதும் முட்டை அட்டைகளில் பம்பு பாகங்கள். மூலையில் ஒரே ஒரு தட்டு வைக்க இடம்.

அவர் மனைவி மூன்று வருடமாக மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தியைப் பார்க்கப் போகும் வழியில் பம்பு மண்டையைப் போட்டுவிட்டது. நடுரோட்டில் நாலு மணி நேரம் வெயிலில் நின்ற அந்த அம்மா, வந்த பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். "'இந்த வண்டி வழியில நிக்காம ஒரு தடவை இங்க வந்து சேரட்டும், அதுலயே உங்களோட திரும்பி வரேன்'னா. சொன்ன சொல் மாறமாட்டா" என்பார். கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்வார்.

சவ்வைப் பூட்டும்போது ஒருவர் லீவரை முழுக்க அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் சவ்வு விறைக்காமல் உட்காரும். இன்னொருவர் ஆறு ஸ்குரூவையும் எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இவருக்கு இருப்பதோ இரண்டே கை. லீவரை முழங்காலில் இடுக்கியதில் ஒரு சவ்வு கிழிந்தது; கயிற்றால் இழுத்துக் கட்டியதில் இன்னொன்று. ஒரு குரல் கொடுத்தால் நான் இறங்கி வந்திருப்பேன். கொடுக்கமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நானாகவே போய் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், ஸ்குரூவை முடுக்க ஆரம்பித்தார்.

பம்பை எஞ்சினில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் ஓடியது. அரை மணி நேரம் ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"அப்புறம் என்ன சார், நாளைக்கே கிளம்புங்க. பக்கத்துல உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துடுவா, இல்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? "வராம என்ன?" என்று சொல்லிவைத்தேன்.

போன் அடித்தது. அவர் முதலில் போய் எஞ்சினை அணைத்தார். கையெல்லாம் கறை என்பதால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"பம்பு என்ன ஆச்சு?"

"இன்னும் முடியல. ஒரு ஸ்குரூ சரியா உட்காரமாட்டேங்குது."

"சரி, மெதுவாப் பாருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

போனை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்து, ஆறில் ஒன்றை அரைச் சுற்றுத் தளர்த்தினார்.