சாக்கோடையா, சாக்கில்லாமலா

நுவரெலியா சீசனுக்குக் கடை போடவென்று அண்ணா ஒரு பழைய கரவன் வாங்கினார். வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போனது; ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சில்லு வைத்த வீடு. கொட்டாஞ்சேனை கராஜில் அதன் பக்கத்தை வெட்டி, தேத்தண்ணியும் வடையும் விற்க ஜன்னல் வைத்தார். கதவடியில் ஒரு தகடு. அதில் இருபது அந்தர் என்று இருப்பதாகக் கராஜ் பாஸ் வாசித்துச் சொன்னார்.

"இருபது மூடை அரிசி ஏத்தலாமடா," என்றார் அண்ணா.

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுப் புறக்கோட்டை அரிசிக் கடையில் நின்றவன். அந்தர் என்றால் தோளுக்கே தெரியும், ஐம்பது கிலோச் சொச்சம். ஆனாலும் அந்தத் தகடு எனக்குச் சரிப்படவில்லை. எனக்கு எதுதான் லேசில் சரிப்பட்டது? அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்புகிற ஆள் நான்.

வெள்ளவத்தையிலிருந்து விடியவே வெளிக்கிட்டோம். கரவனுக்குள் காஸ் சிலிண்டர்கள், கிரைண்டர், மா மூடைகள், கதிரைகள். வால் பக்கம் பெரிய பீப்பாய் நிறையத் தண்ணீர். ஜீப்பில் அண்ணா, அண்ணி, இரண்டு பிள்ளைகள், நான்.

பேஸ்லைன் ரோட்டில் அண்ணா வேகத்தைக் கூட்டினார். கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு பக்கத்து பஸ்ஸை உரசுகிற மாதிரி. ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து இழுபட்டது. சின்னவன் சிரித்தான், ஊஞ்சல் என்று நினைத்திருப்பான். பஸ் கொண்டக்டர் வெளியே தொங்கிக்கொண்டு, "அய்யே, வலிகய! வலிகய!" என்று கத்தினான், வாலைப் பார் என்று. அண்ணா ஒருபடியாக வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

"காத்துத் தள்ளுது," என்றார்.

"அண்ணா, அந்த இருபது அந்தர் சாக்கோடையா, சாக்கில்லாமலா?"

கடையில் மூடை நிறுக்கும்போது முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"கரவனுக்கு ஏதடா சாக்கு?"

"கரவன்தான் சாக்கு. அதின்ர பாரத்தையும் சேர்த்தே இருபது எண்டால்?"

"இவனுக்குப் பயத்துக்கெண்டே ஒரு பட்டம் குடுக்கவேணும்."

"தம்பி கேக்கிறதில என்ன பிழை?" என்றார் அண்ணி. "கடுகண்ணாவை மலை வளைவில இப்பிடி ஆடினால்?"

அந்த வளைவில் ஆடினால் கரவன் ஜீப்பையும் இழுத்துக்கொண்டுதான் போகும். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். "ஒருக்கா தராசில நிறுத்துப் பார்ப்பம்," என்றேன்.

கொலன்னாவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் லொறி நிறுக்கிற தராசு இருந்தது. முதலாளி ஒரு முஸ்லிம் நானா. "என்ன தம்பி, ஊட்டையே இழுத்துக்கிட்டு வந்தீங்க? விக்கவா?" என்றார். அண்ணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கரவனைக் கழற்றி மேடையில் ஏற்றினோம். ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. இருபத்தைந்து அந்தருக்குக் கிட்ட.

"தகட்டில இருபதுதான் இருக்கு, நானா. அது எந்த நிறை?" என்று கேட்டேன்.

"நம்ம லொறியில எல்லாம் வண்டியும் சாமானும் சேத்துத்தான் எழுதுற. இதிலயும் அப்புடித்தான் இருக்கும்."

"தண்ணியை ஊத்துங்கோ," என்றார் அண்ணி.

"தண்ணிக்கென்ன பாரம், குடிக்கிற சாமான்தானே," என்றார் அண்ணா.

"அது நாலு அந்தர், அண்ணா."

"அங்க பைப்படியில ஆர் வரிசையில நிக்கிறது?"

"நான் நிக்கிறன். ஊத்துங்கோ," என்றேன்.

பீப்பாயைச் சரித்தோம். கடை முற்றம் முழுக்க ஓடிய தண்ணீரை அண்ணா பார்த்துக்கொண்டு நின்றார். கிரைண்டரை ஜீப்புக்கு மாற்றினோம். கதிரைகளையும் ஒரு மா மூடையையும் நானாவின் கடையில் விட்டோம். மீண்டும் நிறுத்தபோது இருபதைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

எனக்கு நிம்மதி வரவில்லை. தராசு பிழைக்காதா? பிரேக் பிடிக்குமா? வாயைத் திறந்தால் ஏச்சு விழும் என்று நின்றேன். அண்ணா கொளுவியை இழுத்துப் பார்த்தார், திரும்பவும் இழுத்துப் பார்த்தார். பிறகு ஜீப்பின் பின் கதவைத் திறந்து சின்னவனைத் தூக்கி அண்ணியின் இடுப்பில் வைத்தார்.

"நீங்கள் ரெயின்ல வாங்கோ."

அண்ணி மூத்தவளின் கையைப் பிடித்து இறக்கினார்.

நானும் அவர்களோடு போவதா என்று தெரியாமல் நின்றேன்.

"நீ ஏறு," என்றார் அண்ணா. "நீ சாக்கோட நிறுத்தாலும் ஒரு அந்தர்தான் வருவாய்."

ஏறினேன். களனிப் பாலம் வரைக்கும் அவர் வேகத்தைக் கூட்டவே இல்லை. நான் பின்பக்கம் திரும்பியபடியே இருந்தேன்.