குளித்ததும் மடி கேட்கும் கடுகு

நாய் குளிப்பாட்டும் தொழிலுக்கு வருகிறவன் முதலில் தான் நனையத் தயாராக இருக்க வேண்டும். பெரிய நாயிடம் மாட்டிக்கொண்ட சக அப்பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

பக்கெட்டில் தொடங்கியது

மந்தைவெளி ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் வசந்தி டீச்சர் ஒரு கிரேட் டேன் குட்டி வாங்கினார். தயிர்சாதத்தில் தாளித்துக் கொட்டியதுபோல் வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள். அதனால் பெயர் கடுகு. பக்கெட்டில் வைத்துக் குளிப்பாட்டி, மடியில் போட்டுத் துவட்டுவேன். அப்படியே தூங்கிவிடுவான். பாதம் மட்டும் என் உள்ளங்கை அகலம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரே வருடத்தில் என் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டான். பக்கெட் போய் டப் வந்தது, பாத்ரூம் போய் மொட்டைமாடி வந்தது. மடிப்பழக்கம் மட்டும் போகவில்லை. அவன் லிஃப்டில் ஏறினால் வேறு யாருக்கும் இடமில்லை. அசோசியேஷன் செயலாளர் ரங்கன் மாமா டீச்சரை நிறுத்திக் கேட்டார்: "நாய்னு சொல்லித்தானே பர்மிஷன் வாங்கிண்டேள்?"

காக்கா வந்தது

கடுகை வெளியேற்றுவது பற்றி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம். "அவன் போனா நானும் வீட்டைக் காலி பண்ணிடுவேன், செல்வம்," என்றார் டீச்சர். ஆள் பார்க்கவாவது லட்சணமாக இருக்கட்டும் என்று அன்று காலையே மாடியில் ஷாம்பு போட்டேன்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இந்தக் கடுகு பெருத்தும் காரம் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கா வந்து கத்தியதுதான் தாமதம், டப்பிலிருந்து பாய்ந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு முட்டு முட்டினான். சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் சொன்னார்: "இன்னா நைனா, நாயி வெளிய கீது, நீ டப்புல குந்திக்கினு கீற!"

மாமாவின் நாற்காலி

கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இதனால குழந்தைகளுக்கு ஆபத்து," என்று ஆரம்பித்தார். குளித்த களைப்பில் இருந்த கடுகு, கயிற்றை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனான். திரும்பி, பின்னாலேயே நகர்ந்து, முன்கால் இரண்டும் தரையில் இருக்க அவர் மடியில் உட்கார்ந்தான். தலையை அவர் தோளில் சாய்த்துக் கண்ணை மூடினான்.

டீச்சர் வெளிறிப்போனார். மாமா கையை ஓங்கினார். பிறகு மெல்ல அவன் கழுத்தில் வைத்தார். "அப்போ தீர்மானம்?" என்று யாரோ சத்தமாகக் கேட்டார்கள். மாமா உஷ் என்றார்: "தீர்மானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மெதுவாப் பேசுங்கோ, இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."

இன்றும் வாராவாரம் நனைகிறவன் நான்தான். மடி மட்டும் மாமாவுடையது.