பாதையால் இறங்கிய பிக்கப் கிளம்பவில்லை

கிண்ணியாவுக்குப் போக வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்போது பாலம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எழுபதுகளில் நாங்கள் அந்தத் தண்ணீரைக் கடந்தது வேறு கதை. ஒரு மார்கழி மத்தியானம் என் மனைவி யோகத்துக்கு வலி கண்டது. முதல் பிள்ளையை வீட்டிலேயே பறிகொடுத்தவர்கள் நாங்கள். இந்த முறை வலி தொடங்கியதும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிண்ணியாவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் ஆலங்கேணியிலிருந்து ஹனீபா நானாவின் கிழட்டுப் பிக்கப்பில் புறப்பட்டோம்.

வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவையை நாங்கள் பாதை என்போம். மாரியில் இறங்குதுறை முழங்கால் தண்ணீரில் கிடக்கும். அதனால் எஞ்சினை நிறுத்தி, தண்ணீர் புகக்கூடிய இடங்களைத் தேங்காய்ப் பொச்சு மட்டையால் அடைத்துவிட்டு, ஆட்கள் வாகனத்தைத் தள்ளி ஏற்றுவார்கள், தள்ளியே இறக்குவார்கள். நானா இதை நூறு தரம் செய்தவர். ஆனால் அக்கரையில் இறங்கியதும் யோகம் 'அம்மா' என்று முனகினாள். நானா ஓடிப்போய் ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

எஞ்சின் இரண்டு தரம் இருமியது, அடங்கிவிட்டது. மறுபடி முடுக்கினார். மறுபடி இருமல்.

"பதறாதீங்க தம்பி, தண்ணி பட்டிருக்கும்," என்றார் நானா. நான் பனியனைக் கழற்றிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து வயர்களைத் துடைத்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நன்றாகவே பறந்தது. பெற்றோல் குழாயை வாயால் ஊதினார், பெற்றோலும் வந்தது. எல்லாம் சரி, எஞ்சின் மட்டும் கிளம்பாது. ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல் சொச்சம். பஸ் அப்போதுதான் போயிருந்தது. சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு வாகனத்தையும் காணோம்.

"இஞ்சாருங்கோ, பின்னுக்குப் போய்ப் பாருங்கோ," என்றாள் யோகம்.

"பின்னுக்குச் சாமான் எல்லாம் பத்திரமாக் கிடக்கு. நீ பேசாமல் இரு," என்றேன். நானா கார்பரேட்டரைக் கழற்றத் தொடங்கினார். பாதையில் வந்த நாலைந்து பேர் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானும் பெரிய மெக்கானிக் மாதிரித் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் வியர்வை. "புகைக்குழாயிலை அடைச்ச பொச்சை நானா இன்னும் இழுக்கேல்லை. தண்ணியைப் பாக்கிற பயத்திலை நான் பின்பக்கம் தெரியிற கண்ணாடியையே பாத்துக்கொண்டு வந்தனான். இறங்கினாப் பிறகு அவர் பின்னுக்குப் போகவே இல்லை."

நானா தலையில் கை வைத்தார். "அல்லாவே, ஓம் தங்கச்சி! புகை போக வழியில்லாட்டி எஞ்சின் எப்படிக் கிளம்பும்!" நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பொச்சு மட்டையைப் பிடுங்கினேன். நானா கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்டி முடிக்கும் வரையில் எனக்கு உயிர் உயிராக இல்லை. பூட்டி முடுக்கிய முதல் முடுக்கிலேயே எஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் யோகத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒரு வாங்கில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் நர்ஸ் திரும்பி வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை. கழுத்திலை கொடி சுத்திக் கிடந்தது. வழியிலை பிறந்திருந்தால் காப்பாத்த ஏலாது," என்றார்.

நான் எழும்பிக் கும்பிட்டேன். கையில் பொச்சுத் தும்பு இன்னும் ஒட்டியிருந்தது.

இனி, கேட்டவர்களுக்கு என் யோசனை. பாலத்தால் போங்கள், காலையில் போனால் வெயில் குறைவு. பழைய வாகனம் நின்றுவிட்டால் பெற்றோல், பொறி எல்லாம் பாருங்கள். அதற்கு முன்னால், உள்ளே இருப்பவர் ஏதாவது சொல்கிறாரா என்று கேளுங்கள். என் மகளுக்கு இந்தக் கதையை யோகம்தான் சொல்வாள். 'நீ பேசாமல் இரு' என்று நான் சொன்ன இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்ப்பாள்.