முழு ரிங்

எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் படகில் நின்று பிடிப்பான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். தன் தங்கை தாலி அறுவதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான் என்பது கணக்கு. கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருப்பவன் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும்.

நான் கயிறு பிடித்ததில்லை. படிக்க வைத்தார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் சரக்குப் பத்திரங்கள் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றேன். என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, மட்டும் கடலை விடவில்லை. முத்து போய்விட்ட பிறகு சங்கு குளித்தார். கயிற்றின் இடத்தில் கம்ப்ரசரும் காற்றுக்குழாயும் வந்தன. குழாயைக் கூலிக்கு ஒருவர் பார்த்துக்கொண்டார்.

செல்போன் வந்தபோது, கயிறு என் கைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டேன். செங்கல் போலிருந்த ஒரு போனை நான்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பலூனுக்குள் போட்டு வாயை முடிச்சிட்டு, அதற்கு மேல் பாலிதீன் பை சுற்றிக் கொண்டுபோவார். பேசினால் காசு என்பதால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு ரிங் அடித்து நின்றால், கரைப்பக்கம் வந்துவிட்டேன், சிக்னல் கிடைத்துவிட்டது. விட்டு விட்டு இரண்டு முறை அடித்தால், திரேஸ்புரத்துக் கரையில் இறங்கிவிட்டேன். நிற்காமல் முழு ரிங் அடித்தால், எடு, ஏதோ ஆபத்து. பல வருடம் முழு ரிங் வந்ததே இல்லை. மாலையில் அந்த ஒற்றை ரிங் வந்ததும் மாப்பிள்ளையூரணியில் இருக்கும் தங்கைக்கு நான் சொல்வேன். அவள் உலை வைப்பாள்.

போன்கள் மாறின. கலர் வந்தது, கேமரா வந்தது, பொத்தான் போய்த் தொடுதிரை வந்தது. அந்தத் தொடுதிரைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகவில்லை. தண்ணீரில் ஊறிய விரலை அது ஏற்காது. சங்கு கீறிக் கீறி ரேகை தேய்ந்த விரலால் பூட்டும் திறக்காது. "சொந்தக்காரனையே யாருன்னு கேக்குது மச்சான், இது என்ன போனு" என்று சிரிப்பார். பழைய போன் நாலு நாள் சார்ஜ் தாங்கியது, இது மத்தியானமே செத்துவிடுகிறது என்றும் குறைபட்டுக்கொள்வார். நான்தான் வற்புறுத்தி அவரைப் புதியதுக்கு மாற்றினேன். அதன் பிறகும் ஒற்றை ரிங்கை மட்டும் அவர் விடவில்லை.

நான் வேறு விதமாக மாறினேன். வீட்டில் பேசியது விளம்பரமாக வந்து நிற்பதைக் கண்டு போன் ஒட்டுக்கேட்கிறது என்று முடிவு செய்தேன். முன்பக்கக் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினேன். தங்கை இரண்டு மணி நேரம் ஆன்லைனில் இருந்தால், யாரிடம் என்று மனம் கணக்குப் போட்டது. அப்போதுதான் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் ஏமாந்த செய்தி வந்தது. வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலிலேயே அழைப்பு வந்திருக்கிறது. அழுகைகூட மகனுடையதே. அது கம்ப்யூட்டர் செய்த குரல் என்று பிறகுதான் தெரிந்திருக்கிறது. "பெத்த எனக்கே தெரியலியே" என்று அவர் சொன்னது என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது.

சென்னையிலிருந்து வந்த மகள் என் போனில் ஏதோ ஒன்றை ஏற்றினாள். தெரியாத எண் வந்தால் திரை சிவக்கும். அவசரப்படுத்துகிறவன்தான் திருடன், கேள்வி கேளுங்கள், பதில் சொல்லாவிட்டால் வைத்துவிடுங்கள் என்று பாடம் நடத்திவிட்டுப் போனாள். நான் நல்ல மாணவன்.

போன வருடம், கொண்டல் காற்று அடங்கியிருந்த ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். தெரியாத எண். திரை சிவந்தது. எடுத்தேன்.

"மச்சான், நாந்தான் பேசுதேன். மேல வேகமா வந்துட்டேன். காலு ரெண்டும் மரத்துப் போச்சு. கரைக்கு வந்துக்கிட்டு இருக்கோம். அந்த டாக்டருக்குச் சொல்லி வண்டிய வரச் சொல்லும்."

மாப்பிள்ளையின் குரல்தான். அதனால்தான் சந்தேகம் வந்தது. இத்தனை வருடத்தில் கடலிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எண்ணும் அவருடையதில்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறினால் குளிப்பவர்களின் காலை முடக்கும் நோய்க்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் எனக்குப் பழக்கம் என்பது ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரிந்திருக்கலாம்.

"நீ எங்க மாப்பிள்ளைன்னா, ஒத்த ரிங் அடிச்சா என்ன அர்த்தம்? சொல்லு பாப்போம்" என்றேன்.

"வேய், பரீட்சை வைக்கிற நேரமா இது? சார்ஜ் போவப் போவுது, சீக்கிரம்..."

சீக்கிரம் என்ற சொல் போதுமாக இருந்தது. வைத்துவிட்டேன். உடனே அதே எண் மறுபடி அடித்தது. நிற்காமல், முழுதாக, தானாக ஓயும் வரை அடித்தது. சிவந்த திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த எண்ணைத் தடுத்தேன். அதோடு விட்டேனா? தங்கைக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை குரலில் யாராவது பேசினால் நம்பாதே, எடுக்கவே எடுக்காதே என்று எச்சரித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு திருப்தி இருந்தது. காபி போட்டுக் குடித்தேன்.

அவருடைய போன் கடலில் விழுந்திருக்கிறது. பக்கத்துப் படகுக்காரரிடம் இரவல் வாங்கிய போன் அது. எனக்கு அழைத்த இரண்டாவது அழைப்போடு சார்ஜ் தீர்ந்துவிட்டது. மச்சானிடம் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று வேறு யாரையும் முதலில் கூப்பிடவில்லை. திரேஸ்புரத்தில் படகு வந்து நின்றபோது வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. மீன்கூடை ஏற்றும் ஒரு ஆட்டோவில் படுக்க வைத்து, முதலில் ஒரு ஆஸ்பத்திரிக்கும், அங்கே அந்த வைத்தியம் இல்லை என்று இன்னொன்றுக்கும் அலைந்திருக்கிறார்கள். கரையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து என்னிடம் சொன்னபோது ஒரு மணி தாண்டியிருந்தது.

முன்பே ஆக்சிஜன் கொடுத்திருந்தால் தேறியிருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பல நாள் தூங்கப் பார்த்தேன். வலது கால் ஓரளவு வந்தது. இடது கால் வரவில்லை. அவர் இனி கடலுக்குப் போக மாட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் கேட்டார், குரல் சரியா கேக்கலியா மச்சான் என்று. ஆமாம், லைன் விட்டு விட்டு வந்தது என்றேன். பக்கத்தில் நின்ற தங்கை என்னையே பார்த்தாள். அவளுக்கு நான் செய்த எச்சரிக்கை அவள் காதில் இருந்திருக்கும்.

ஐந்து மாதம் அந்தப் பொய்யோடு அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து போனவன், அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த தங்கையின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். குரல் தெளிவாகக் கேட்டது, முழு ரிங் அடிக்கக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அவளையும் தடுத்தேன்.

அவர் இடது காலைக் கையால் எடுத்து நீட்டி வைத்துக்கொண்டார்.

"பரீட்சை வச்சீரே, அப்பவே எனக்குத் தெரியும் மச்சான். குரல் சரியா கேக்காதவரு அப்படிக் கேள்வி கேப்பாரா? நீரா சொல்லுவீரான்னு இருந்தேன்."

தங்கை தைலப் புட்டியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மாலை நான் வீடு திரும்பிய பிறகு போன் ஒரு ரிங் அடித்து நின்றது. மாப்பிள்ளையின் எண். பதறிப்போய்க் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல. நீரு கயிறு பிடிச்சிருக்கீரான்னு பாத்தேன்" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அடிக்கிறது. மன்னித்துவிட்டதன் அடையாளமா, மறக்க விடாமல் குத்துவதா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகப்படுகிறேன். கேட்கத் துணிவில்லை. மகள் ஏற்றியதை எடுத்துவிட்டேன். மனை விற்கிறவர்கள், கடன் தருகிறவர்கள், யார் கூப்பிட்டாலும் எடுத்து, கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

ஐந்து மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொள்கிறேன். ஒரு ரிங் அடித்து நின்றதும் காத்திருக்கிறேன், மறுபடி நிற்காமல் முழு ரிங்காக அடிக்கிறதா என்று. அது அடிக்காது என்று நிச்சயமான பிறகுதான் கீழே வைக்கிறேன்.