எங்கள் படலையில் மாதா நின்ற ஒக்டோபர்

இயேசுவை நம்பி இங்கே கூடியிருக்கும் என் சகோதர சகோதரிகளே, பலர் முன்னால் எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் ஊரான குருநகரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் மாதாவோடு பல வருடங்கள் சண்டை பிடித்தேன்.

என் கணவர் அன்ரனின் கையால் ஓர் உயிர் போனது. இதை மறைத்துவிட்டு நான் சாட்சி சொல்ல முடியாது. கரையில் வலை அறுந்ததைப் பற்றி ஒரு வாய்த்தர்க்கம். கோபத்தில் அவர் யூட்டைப் பிடித்துத் தள்ளினார். அவன் தலை படகின் முன்முனையான அணியத்தில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளை கண்ணை மூடிவிட்டான். யூட், பிலோமினா அக்காவின் ஒரே மகன். அவர் வீடு எங்கள் பக்கத்து வீடு. இடையில் இருப்பது ஒரு தகர வேலிதான்.

அன்ரன் சிறைக்குப் போனார். காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரம் பிலோமினா அக்கா வாசல் படலையைத் திறந்துகொண்டு வீட்டு முன்னால் ஓடும் ஒழுங்கைக்கு வருவார். மகன் மீனோடு வரும் நேரம் அது. கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நினைவு வந்து உள்ளே போய்விடுவார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்கிற வேதனையை என் எதிரிக்கும் ஆண்டவர் கொடுக்கக்கூடாது.

ஒக்டோபர் மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் மாதாவின் சுருவம், கையில் தூக்கக்கூடிய ஒரு சிறு சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரரே சுருவத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுக்காரரின் கையில் கொடுப்பார். அங்கே எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். பிலோமினா அக்கா வீட்டுக்கு அடுத்தது எங்கள் வீடு. எங்களுக்கு அடுத்தது சில்வெஸ்ரர் அண்ணை வீடு.

அன்ரன் சிறைக்குப் போன வருடம் மேசைக்கு வெள்ளை விரித்து, மெழுகுதிரி வைத்து, பூவும் வைத்து, படலையில் காத்து நின்றேன். பிலோமினா அக்கா சுருவத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் படலையைத் தாண்டிச் சில்வெஸ்ரர் அண்ணை வீட்டுக்குப் போனார். பின்னால் வந்தவர்களும் போனார்கள். நான் அக்காவைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாதாவை விடவில்லை. "எல்லா வீட்டுக்கும் போறியள், எங்கடை வீட்டு வழி மட்டும் மறந்து போச்சோ?" என்று கேட்டு அழுதேன். அடுத்தடுத்த வருடங்களிலும் மேசைக்கு வெள்ளை விரித்தேன். மாதா தாண்டித்தான் போனார்.

அன்ரன் விடுதலையாகி வந்தார். அவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வந்தவர் வீட்டுப் படலையைத் தன் கையால் திறக்கமாட்டார். சிறையில் பழகியதுபோல, யாராவது திறக்கும்வரை உள்ளே நிற்பார். நான் இல்லாவிட்டால் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார். எந்தப் படகிலும் அவரை ஏற்றவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் ஆளில்லை. ஒருநாள் அவர் சொன்னார்: "ஜசிந்தா, நான் அங்கையே இருந்திருக்கலாம். உனக்கெண்டாலும் நாலு பேர் இருந்திருப்பினம்."

எமில்டா சிஸ்டர் மட்டும் வருவார். சிறையில் இருந்தபோதே அன்ரனைப் போய்ப் பார்த்தவர். வீடு திரும்பியவர்களையும் தேடிப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து அன்ரனின் மடியில் போட்டு, "சும்மா இராதை தம்பி" என்பார். அன்ரன் கிழிசல்களைப் பொத்திக் கொடுப்பார். ஆனால் சிஸ்டரில் எனக்கு ஒரு கோபம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த காலோடு பிலோமினா அக்கா வீட்டுக்கும் போவார். எங்களோடு இருந்ததைவிட அங்கே கூட நேரம் இருப்பார்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "சிஸ்டர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் மாதாவை எங்கடை வீட்டை கொண்டு வருவினம்தானே?"

"ஓம், கொண்டு வருவினம். ஆனால் நான் சொல்லி அந்த மனிசி கொண்டு வந்தால் ஆருக்குப் பிரயோசனம்? அவவுக்கு நீ செபம் பண்ணிறியோ?"

இல்லை. அதுவரை எனக்காகவும் அன்ரனுக்காகவும்தான் கேட்டேன். அன்று முதல், படகுகள் வரும் நேரம் பிலோமினா அக்கா படலையில் நிற்கையில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். முதலில் வாய்தான் சொன்னது. போகப்போக நெஞ்சும் சொன்னது.

அந்த ஒக்டோபரில் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. மேசைக்கு வெள்ளை விரிக்கவில்லை. மேசையில் மடிக்காத உடுப்புக் குவிந்து கிடந்தது. நான் முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். செபமாலைப் பாட்டுச் சத்தம் ஒழுங்கையில் வந்தது. எங்கள் படலைக்கு முன்னால் நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். பிலோமினா அக்கா. கையில் மாதா.

என் கையெல்லாம் செதில். உள்ளே இருந்து அன்ரன் வந்தார். அவருக்கும் அக்காவுக்கும் இடையில் அந்தப் படலை. தன் கையாலேயே அதைத் திறந்து, இரண்டு கையையும் நீட்டினார். அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தக் கைதானே," என்றார்.

அன்ரன் கையை இழுக்கவில்லை.

"நான் உன்னை மன்னிக்கேல்லை. அப்பிடி ஒருத்தரும் கதைச்சுத் திரியக்கூடாது," என்றார் அக்கா. "மாதாவும் மகனைப் பறிகுடுத்தவதானே. ஒவ்வொரு வரியமும் அவவைத் தூக்கிக்கொண்டு இந்தப் படலையைத் தாண்டிப் போக எனக்குக் கை உளைஞ்சு நோகுது. இந்தா, பிடி."

கொடுத்தார். அக்கா உள்ளே வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சில்வெஸ்ரர் அண்ணையின் மனைவிதான் என் உடுப்புக் குவியலை அள்ளிக் கட்டிலில் போட்டு மேசையை வெளியாக்கினார். செபமாலை முடிந்ததும் மரித்தவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடுவது எங்கள் வழக்கம். வீட்டுக்காரர்தான் முதலில் சொல்லவேண்டும். அன்ரன் முழந்தாளில் இருந்தார். "யூட்," என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது, அந்த நாளுக்குப் பிறகு அன்றுதான். படலையடியில் இருந்து மறுமொழியாக ஒரு குரல் மட்டும் வந்தது. தாயின் குரல். மகனின் ஆன்ம இளைப்பாற்றிக்கான செபத்தை அவரே சொல்லி முடித்தார். நாங்கள் எல்லோரும் அழுதோம்.

மறுநாள் பின்னேரம் அன்ரன் மாதாவைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். சில்வெஸ்ரர் அண்ணை அவர் கையில் இருந்து வாங்கினார். இன்று அன்ரன் அவருடைய படகில்தான் கடலுக்குப் போகிறார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எங்களைக் கண்டால் முகம் திருப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிலோமினா அக்காவும் காலையில் இன்னும் படலைக்கு வருகிறார். அவருடைய பிள்ளையை எந்தச் செபமும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் சந்தோசத்தின் அடியில் அந்தப் பாரம் எப்போதும் கிடக்கிறது. கிடக்கத்தான் வேண்டும்.

நவம்பர் மரித்தோர் திருநாளுக்கு முன் சேமக்காலையில் எங்கள் சனம் கல்லறைகளைத் துப்புரவாக்கி வெள்ளை அடிக்கும். அந்த வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஜசிந்தா, அவனை வரச்சொல்லு. எனக்கு இப்ப குனிய ஏலாது."

அன்ரன் போனார். நானும் பின்னால் போனேன். யூட்டின் கல்லறைக்குப் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். அன்ரன் முழந்தாளில் இருந்து அழுதபடி வெள்ளை அடித்தார். கண்ணீரில் கண் தெரியாமல் தூரிகை பெயர் எழுதிய சிலுவையடிக்குப் போனபோது, அக்கா சிரமப்பட்டுக் குனிந்து அவர் கையைப் பிடித்தார்.

"கவனமடா தம்பி. பேரிலை பூசிப்போடாதை."

தம்பி என்றார். என் காதால் கேட்டேன். மாதாவிடம் இத்தனை வருடமாக நான் கேட்கத் துணியாத சொல் அது. உங்களில் யாருக்காவது செபம் செய்து செய்து வாய் களைத்துப் போயிருந்தால், உங்களை நோகடித்தவருக்காகவோ, நீங்கள் நோகடித்தவருக்காகவோ ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் கேட்கிறார். நான் கண்டேன், அதனால் சொல்கிறேன்.